ஏழாம் பாகம்

பாகத்துக்கு எண்ணூறு ரூபாய்.
சத்தங்களைச் சென்னையில் சேர்த்துக்கொள்வார்கள்:
கதவு கிறீச்சிட, நாய் ஊளையிட,
கொலுசுக்குத் தனியாக ஓர் ஆள்.
"பேய் சிட்டியில் இருக்கட்டும் சார்" என்பார் ஸ்ரீவத்சன்,
"லிஃப்ட், பேஸ்மென்ட், பூட்டிய ஃப்ளாட்.
கேட்கிறவன் வீட்டு அட்ரஸ் மாதிரி இருக்கவேண்டும்."

நான் இருப்பது குன்னூர், ஓட்டுப்பட்டறை.
பகலில் ஏலக் கம்பெனியில்
தேயிலை சாம்பிள் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன்.
பஸ் ஏறினால் காட்டேரி என்றே ஓர் ஊர் வரும்;
அந்தப் பக்கம் கேரட் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.
இந்த லட்சணத்தில் இரவு பதினோரு மணிக்கு
நான் பதினான்காவது மாடியைக் கட்டவேண்டும்,
அதில் ஒருத்தியைத் தனியாகக் குடிவைக்கவேண்டும்.

ஐந்து பாகம் அப்படித்தான் போனது.
லிஃப்டில் கை. கண்ணாடியில் ஈரம்.
எனக்கு ஒரு மயிரும் சிலிர்க்கவில்லை,
வர்க்கி தின்றுகொண்டே எழுதினேன்.

ஆறாவதன்போது ஐப்பசி மழை பிடித்தது.
மேல்வளைவில் ரிசார்ட்டுக்காக ஜேசிபி
சரிவின் வயிற்றைக் கிழித்து
தார்ப்பாய் போர்த்திவிட்டுப் போயிருந்தது.
என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு விரிசல்.
போன மாதம் சுண்ணாம்பு அடித்தபோது இல்லாதது.
அது முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத்
தேதி எழுதினேன்.
மூன்றாம் நாள் கோட்டைத் தாண்டியிருந்தது.
இன்னொரு கோடு. இன்னொரு தேதி.
கரடி என்றால் கதவைப் பிறாண்டும்,
எண்ணெய்த் தூக்கை உருட்டிவிட்டுப் போய்விடும்.
இது எதையும் உருட்டுவதில்லை.

தாலுகா ஆபீஸ் ஆள் வந்து
தடுப்புச் சுவரில் சிவப்புப் பெயின்டால் எழுதினான்:
17/பி.
"இதுக்கு என்ன அர்த்தம்ப்பா?"
"நம்பர்தான் சார்."

அன்று ராத்திரி லிஃப்டைப் பாதியில் நிறுத்திவிட்டு
விரிசலை எழுதினேன்.
ஃப்ளாட்டின் சுவரை ஒருத்தி பென்சிலால் அளக்கிறாள்.
கீழ்வீட்டிலும் யாரோ அளக்கிறார்கள்,
அவளுக்குத் தெரியாது.
கொலுசு இல்லை, நாய் இல்லை.
தடுப்புச் சுவரின் துளைகளில்
தெளிவாக வடிந்த தண்ணீர்
கலங்கலாக வடிகிறது. அவ்வளவுதான்.
"பேய் எங்கே சார்?" என்று மெசேஜ் அனுப்பினார் ஸ்ரீவத்சன்.
ஆனாலும் ஏற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கீழ்வீட்டு ஞானசுந்தரி
ஸ்வெட்டர்கூடக் கழற்றாமல் படியேறி வந்தாள்.
ஃபாக்டரியில் இலையை வாடப்போட்டுவிட்டு
காதில் மாட்டிக்கொண்டு கேட்டாளாம்.
'எழுத்து: ஜெபநேசன், குன்னூர்' என்று
முடிவில் ஒரு கரகரத்த குரல் சொல்லுமே,
அப்போதுதான் தெரிந்ததாம்.
"எங்க வீட்டுக்குள்ள எப்ப வந்தீங்க?" என்றாள்.

கூட்டிக்கொண்டு போய்
பிஸ்கட் கம்பெனிக் காலண்டரைக் கழற்றினாள்.
நீலக் கிரேயானில் கோடுகள். பக்கத்தில் தேதிகள்.
என் தேதிக்கும் அவள் தேதிக்கும்
ஒருநாள், இரண்டுநாள் முன்னே பின்னே.
பையன் தரையில் தூங்கிக்கொண்டிருந்தான்,
பள்ளிக்கூட ஷூ போட்டபடி.

காலி செய்துவிடலாம் என்று
அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
பெட்போர்டு பக்கம் அட்வான்ஸே
ஐம்பதாயிரம் கேட்கிறார்கள்.
எங்களுக்கு அதுதான் பதினான்காவது மாடி.

தகரத்தில் மழை தடித்தது.
மேலே எங்கோ ஒரு சின்னக் கல்
உருண்டு, நின்று,
யோசித்து,
மறுபடி உருண்டது.
அது எதிலாவது போய் முட்டட்டும் என்று
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
முட்டியது. என்ன கல், எந்தச் சுவர், தெரியாது.

"கதையில" என்றாள், காலண்டரை ஆணியில் மாட்டிக்கொண்டே,
"அந்தக் கீழ்வீட்டுக்காரி பொழச்சுக்குவாளா?"

வியாழக்கிழமை தெரியும் என்றேன்.

இன்று புதன்.
முதல் வரியை எழுதி, அடித்து, எழுதியிருக்கிறேன்.
கரண்ட் இல்லை.
கீழே பையன் இருமுகிறான்,
அந்தச் சத்தம் சுவர் வழியாக வரவில்லை,
விரிசல் வழியாக வருகிறது.
செருப்பை இன்னும் கழற்றவில்லை நான்.